முதிர்ந்த சிவப்பு ஒயின்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

சென்ற மாசியில் என் பங்காளி ஒருவர், பிரான்சின் போர்தோ பகுதியில் 2000ஆம் ஆண்டு அறுவடையில் செய்த சிவப்பு ஒயின் ஒன்றைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். பூர்வீக வீட்டின் பட்டாலை என்னும் கூடத்தில் ஏழு பேர் கூடினோம். தக்கையை எடுத்த இரண்டாம் நிமிடமே, "இது மக்கிப்போய்விட்டது, கொட்டிவிடுங்கள்" என்று எங்களுள் மூத்தவர் தீர்ப்புச் சொன்னார். அரை மணி கழித்து அவரே இரண்டாம் முறை கிளாஸை நீட்டினார். அன்று கண்ட குறை ஒயினில் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன். பழைய ஒயினில் நாம் குறை என்று சொல்வனவற்றுள் பெரும்பங்கு நம் ஊர்ச் சூட்டுக்கும், அலமாரிக்கும், அடுக்களைக்கும் உரியது; அவற்றைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். புட்டிக்கே உரிய குறைகள் ஒருசிலதான், ஆனால் அவற்றுக்கு மருந்து கிடையாது. இரண்டையும் பிரித்தறியவே இந்த வழிமுறை. புட்டியைக் கையில் எடுப்பது முதல் கடைசிக் கிளாஸ் வரை, அறிகுறிகள் தோன்றும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

திறப்பதற்கு முன்பே தக்கை மேலே எழும்பியிருக்கிறது, கழுத்தில் கசிந்த தடம் இருக்கிறது

இது சூடுபட்டதற்கான அடையாளம். ஒயின் சூடாகும்போது கண்ணாடியைவிட அதிகமாக விரிந்து தக்கையை வெளியே தள்ளுகிறது. ஆறும்போது சுருங்கி, தளர்ந்த தக்கையின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையை விரலால் திருகிப் பாருங்கள். சுழல மறுத்து ஒட்டிக்கொண்டால் உள்ளே கசிந்து உலர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒயினின் மட்டத்தையும் பாருங்கள். இருபது, முப்பது ஆண்டு ஆன போர்தோ புட்டியில் மட்டம் கழுத்துக்குள் நின்றால் மகிழ்ச்சி. தோளின் மேற்பகுதியில் நின்றாலும் குறையில்லை. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

சூட்டில் வெந்த ஒயினுக்குத் தீர்வு இல்லை. அது வேகவைத்த பழத்தையும் உலர்திராட்சையையும் போலச் சுவைக்கும். வேண்டுமென்றே சூடாக்கி முதிரவைக்கும் மதெய்ரா போன்ற ஒயின்களுக்கு அது அழகு, போர்தோவுக்கு இழப்பு. ஒயினை வைத்திருக்க ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் நம் மாடியறை அதைப்போல மூன்று மடங்கை எட்டிவிடும். முன்னொரு முறை நல்ல புட்டி ஒன்றை ஒரு கோடை முழுவதும் மாடியறைத் தேக்கு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்து, பத்திரமாகவே கெடுத்தவன் நான். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் கீழ்க்கட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது உண்மைதான், ஆனால் அந்தக் குளிர்ச்சி மனிதருக்குப் போதுமானது, ஒயினுக்கு அன்று. சில வாரங்களுக்கு என்றால் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டு போதும். திருச்சி விமான நிலையத்திலிருந்து வரும்போது புட்டியைக் காரின் பின்பெட்டியில் போடாமல், குளிரூட்டி வீசும் இருக்கைப் பக்கம் வைத்துக் கொண்டுவாருங்கள்.

தக்கை பாதியில் உடைகிறது, அல்லது பொடிப்பொடியாக உதிர்கிறது

பழைய தக்கை நெகிழ்ச்சியை இழந்திருக்கும். அதைக் குறை என்றே கொள்ள வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே மாறிமாறி அசைத்து இறக்கி, திருகியபடி தூக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது. அது இல்லாதபோது, வழக்கமான திருகாணியை உடைந்த பாதியில் சாய்வாகச் செலுத்தி, அவசரமில்லாமல் இழுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு வடிகட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வடிகட்டும் துணியில்தான் எச்சரிக்கை வேண்டும். கஞ்சியும் நீலமும் போட்ட வேட்டித் துணியில் வடித்தால் ஒயினில் வெளுப்பவரின் கைவண்ணம்தான் மணக்கும். சோப்புப் படாத மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் மட்டும் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். எவர்சில்வர் தேநீர் வடிகட்டியும் பெரிய துண்டுகளுக்குப் போதும்.

அடியில் கறுப்பு வண்டல். தக்கையின் அடியில் கண்ணாடித் துகள் போன்ற படிகம்

இரண்டும் இயல்பே. ஒயினின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களும் நிறப்பொருள்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிகின்றன. பழைய ஒயினின் துவர்ப்பு மென்மையாவதற்கும் நிறம் வெளிறுவதற்கும் இதுவும் ஒரு காரணம். படிகங்களோ டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. நம் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான் என்று சொன்னால், உடைந்த கண்ணாடி என்று பயந்து கிளாஸைத் தள்ளிவைத்தவரும் எடுத்துக்கொள்வார்.

வண்டல் நாக்கில் பட்டால் கசக்கும், நறநறக்கும். ஆகவே புட்டியை ஒரு நாளாவது, பயணம் செய்து வந்ததாக இருந்தால் மூன்று நான்கு நாளாவது, நேராக நிறுத்தி வையுங்கள். பிறகு வெளிச்சம் ஒன்றைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கையை அசைக்காமல், ஒரே வீச்சில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் தெளிவை இறுத்துவிட வேண்டும். கைபேசி விளக்கு போதும். மின்வெட்டில் அகல்விளக்கை வைத்துச் செய்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. முதலில் ஒயின் மாணிக்கம்போல் ஒளி ஊடுருவ ஓடும். கடைசியில் கழுத்தின் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய புகை இழை தவழ்ந்து வரும். அந்த இழையைக் கண்ட நொடியில் புட்டியை நிமிர்த்திவிடுங்கள். 750 மில்லி புட்டியில் ஏறத்தாழ 50 மில்லி அடியில் தங்கும். மீதி 700 மில்லி ஏழு பேருக்கு ஆளுக்கு 100 மில்லியாக வரும், சுவைப்பதற்கு அது தாராளம். அடிமண்டியையும் விடக்கூடாது என்று புட்டியைக் கவிழ்ப்பவர் கடைசிக் கிளாஸைக் கெடுக்கிறார்.

மக்கல் வாடை அடிக்கிறது

மழையில் நனைந்து காயாத சாக்கு, ஈரம் ஏறிய அட்டைப்பெட்டி, பாசி பிடித்த நிலவறை: இந்த வாடை வந்தால் தக்கைக் கெடுதல் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். தக்கையில் உருவாகும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருளே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும் அளவுக்கு அது வலியது. அதைவிடக் குறைவாக இருந்தால் வாடையாகத் தெரியாமல், பழ மணத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடும். தக்கையை முகர்ந்து மட்டும் முடிவு செய்ய முடியாது, கிளாஸில் ஊற்றியே பார்க்க வேண்டும்.

அன்று எங்கள் மூத்தவர் சொன்னதும் இந்த வாடையைத்தான். மறுக்க முடியாத அளவுக்கு அது எனக்கும் தெரிந்தது. ஆனால் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், திறந்த வானத்தின் கீழ் மறுபடி முகர்ந்தபோது வாடையைக் காணவில்லை. பட்டாலைக்குத் திரும்பினேன், வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: அந்த வீடு கார்த்திகை மழைக்குப் பிறகு பூட்டியே கிடந்து அன்று காலையில்தான் திறக்கப்பட்டது, உத்தரத்திலும் சுவர்ப் பூச்சிலும் இன்னும் ஈரம் இருந்தது, நாங்கள் வீட்டையே முகர்ந்து ஒயினைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தோம். கிளாஸ்களும் தப்பவில்லை. இரண்டாம் கட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்ததால், வெற்றுக் கிளாஸிலேயே பழைய மரமும் பாச்சை உருண்டையும் மணந்தன. ஆகவே மக்கல் வாடை வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவை: முதலில் வெற்றுக் கிளாஸை முகருங்கள், பிறகு கிளாஸைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, துடைக்காமல் வடியவிட்டு, சில துளி ஒயினைச் சுழற்றி ஊற்றிவிடுங்கள், பிறகு முற்றத்துக்கோ திண்ணைக்கோ போங்கள். அங்கேயும் வாடை நிலைத்து, பத்து நிமிடம் கழித்துக் கூடியிருந்தால் அது தக்கைக் கெடுதல்தான். காற்றாட வைத்தாலும் அது போகாது. பாலிதீன் தாளை ஒயினில் அமிழ்த்தி வைத்தால் வாடையில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் நல்ல மணத்தையும் கூடவே குறைத்துவிடுவதால் நான் அதற்கு மெனக்கெடுவதில்லை. அந்த ஒயின் உடலுக்குத் தீங்கு செய்யாது, மகிழ்ச்சிதான் இல்லை.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நன்றாக முதிர்ந்த ஒயினில் ஈர மண், காளான், உலர்ந்த இலை, புகையிலை, பதனிட்ட தோல் ஆகியவற்றின் மணம் வருவது குறையன்று, அதற்காகத்தான் இத்தனை ஆண்டு காத்திருந்தது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து கல்பாசியை எடுத்து உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். அதுபோன்ற மண்ணும் மரமும் கலந்த மணம் வந்தால் ஒயின் நலம். சாக்கு மணந்தால் நலமில்லை.

அழுகிய முட்டை அல்லது எரிந்த தீக்குச்சி வாடை

காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்த ஒயினில் கந்தகச் சேர்மங்கள் சேர்வதால் வருவது. பெரும்பாலும் கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் போய்விடும். போகாவிட்டால், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவிய செம்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கிளாஸில் அரை நிமிடம் சுழற்றி எடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு செம்போடு சேர்ந்து மணமற்றதாகிவிடும். பித்தளை வேண்டாம், களிம்பேறிய பழைய காசும் வேண்டாம்.

காடி நெடி, நகப்பூச்சு நெடி, மாட்டுக் கொட்டில் வாடை

காடி நெடி அசிட்டிக் அமிலத்தாலும், நகப்பூச்சு நெடி எத்தில் அசிடேட்டாலும் வருபவை. மிக மெல்லிதாக இருந்தால் பழைய ஒயினுக்கு அது ஒரு துள்ளலைத் தரும். மூக்கைக் குத்தினால் தீர்வு இல்லை. கொட்டில், வியர்த்த குதிரைச் சேணம், மருந்துப் பிளாஸ்திரி போன்ற வாடை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. அதுவும் காற்றில் போகாது, ஆனால் சிலருக்குப் பிடிக்கவே செய்யும், எனக்கும் ஓரளவுக்கு. நாக்கில் குமிழ் குத்தினால் புட்டிக்குள் மறுபடி நொதித்திருக்கலாம். கூடவே கலங்கலும் ஈஸ்ட் மணமும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நிறம் பழுப்பாக இருக்கிறது

கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் இருந்தால் அது வயதின் நிறம், நரை போல. முழுவதும் டிகாக்‌ஷன்போல் பழுப்பாகி, அடிபட்டுக் கன்றிய ஆப்பிளின் மணம் வந்தால் காற்று தின்றுவிட்டது என்று பொருள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய வண்ணக் கண்ணாடிக் கிண்ணங்களில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மாலைக்கு நிறமற்ற, வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸே வேண்டும்.

முகர்ந்தால் சாராய நெடி மட்டுமே வருகிறது. அல்லது மணமே இல்லை

முதலாவது சூடு, இரண்டாவது குளிர். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்துவிட்டு மேசையில் அப்படியே வைத்துவிடுகிறோம். அந்த அறை ஐரோப்பாவின் பழைய வீட்டு அறை. அதன் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி வரை. நம் பட்டாலை மாசி மாலையிலேயே 28 டிகிரி இருக்கும், பங்குனி பிறந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கை அடைத்துவிடுவதால், இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த மென்மணங்கள் அதன் பின்னால் மறைந்துபோகின்றன. புட்டியை வண்டல் கலங்காமல் நேராகவே குளிர்பதனப் பெட்டியில் அரை மணி வையுங்கள். நேரம் இல்லையென்றால் வாளியில் தண்ணீரும் பனிக்கட்டியும் கலந்து, கழுத்தளவு பத்து நிமிடம் நிறுத்துங்கள். வெறும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர் கலந்ததுதான் புட்டியைச் சுற்றிலும் தொட்டு விரைவாகக் குளிர்விக்கும்.

அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணம் மூடிக்கொள்ளும், துவர்ப்பு மட்டும் நாக்கில் உறைத்து நிற்கும். அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. கிளாஸின் வயிற்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாலே போதும், நம் ஊர்க் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் இல்லாமல் மணம் வராவிட்டால் சுற்றுமுற்றும் பாருங்கள். வாசலில் கொசுவத்திச் சுருள் புகைகிறதா, சாமி அறையிலிருந்து சாம்பிராணி வருகிறதா, மல்லிகைச் சரமோ அத்தரோ அருகில் இருக்கிறதா என்று பார்த்து, எதை நகர்த்தலாமோ அதை நகர்த்துங்கள். சாமி அறையை நகர்த்த முடியாது; நாம்தான் திண்ணைக்கு நகர வேண்டும்.

வாயில் வைத்தால் எரிகிறது, கசக்கிறது, பழமே தெரியவில்லை

நம் ஊரில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். காரணம் புட்டியில் இல்லை, தட்டில் இருக்கிறது. மிளகாயின் காரத்தையும் சுடுநீரின் சூட்டையும் நாக்கு ஒரே உணர்வேற்பியால் உணர்கிறது. வழக்கமாக 42 டிகிரி அளவில் விழிக்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. அதாவது உப்புக்கறியின் வரமிளகாய் படிந்த நாக்கில் ஒயினை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து எரியும். டானின் ஒருபக்கம் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயை வறட்டும். இளம் ஒயினாக இருந்தால் முட்டி மோதிப் பார்க்கும். முதிர்ந்த ஒயின் வயதானவரைப்போல் ஒதுங்கிவிடும்.

எனவே முதலில் ஒயின், பிறகு சாப்பாடு என்று வரிசையை மாற்றுங்கள். எங்கள் வீட்டு ஆச்சி இதைக் கேட்டுச் சிரித்தார்கள்: "விருந்தாளியை உட்கார வைத்துவிட்டுத் தட்டு வைக்காமல் இருப்பதா தம்பி?" ஆச்சிக்கும் மனம் நோகாமல் நாங்கள் கண்ட வழி இது. சட்னி இல்லாத வெள்ளைப் பணியாரம் ஒரு தட்டில். உப்பும் மிகக் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டு வேகவைத்த, கொழுப்புள்ள வெள்ளாட்டுக்கறி இன்னொரு தட்டில். கறியின் புரதம் டானினைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ஒயின் வாயில் வழவழப்பாக இறங்கும். இனிப்பு வேண்டாம், கந்தரப்பமும் சீயமும் தின்ற வாய்க்கு இனிப்பற்ற எந்த உலர் ஒயினும் புளிப்பாகவும் கசப்பாகவும்தான் இருக்கும். வெற்றிலை பாக்கும் பில்டர் காபியும் முடிந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உப்புக்கறியும் நண்டும் ஒயின் தீர்ந்த பிறகு, அவற்றுக்குரிய மரியாதையோடு வரட்டும்.

சுவைத்துத் துப்ப விரும்புபவர்களுக்குப் பழைய வீடுகளில் படிக்கம் இருக்கிறது. தாத்தா காலத்து வெண்கலப் படிக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான வேலை கிடைத்து வெகுகாலம் ஆகியிருக்கும். துப்பினாலும் சிறிது உள்ளே போகும் என்பதால், அன்று இரவு வண்டி ஓட்டுபவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒருவர் அருமை என்கிறார், மற்றவர் கெட்டுவிட்டது என்கிறார்

தக்கைக் கெடுதலையும் கொட்டில் வாடையையும் உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் இருவரும் உண்மையே சொல்லக்கூடும். ஆனால் எங்கள் கூட்டத்தில் நடந்தது அதுவன்று. மூத்தவர் "மக்கல்" என்றதும் மற்ற ஐந்து பேருக்கும் அது மக்கலாகவே மணத்தது; மூத்தவர் சொன்னபின் மறுத்துப் பேசி நம்மவர்களுக்குப் பழக்கமில்லை. இப்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்துவிடுகிறோம். முகர்ந்து, ஒரு மிடறு சுவைத்து, ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் எழுத வேண்டும். வயதில் இளையவரின் சீட்டை முதலில் வாசிக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு சீட்டில் "எங்க அப்பத்தா பெட்டகம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைவிடத் துல்லியமாக அந்த ஒயினை யாரும் சொல்லவில்லை.

முதலில் மணத்தது, அரை மணியில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது

இளம் ஒயினை இரண்டு மணி நேரம் காற்றாட வைப்பது வழக்கம். அதே வழக்கத்தை முதிர்ந்ததற்கும் செய்வதால் வரும் பிழை இது. இத்தனை ஆண்டு காற்றையே அறியாமல் இருந்த ஒயின், குடுவையில் இறங்கியதும் மலர்ந்து, சில சமயம் இருபது நிமிடத்திலேயே வாடத் தொடங்கிவிடும். போன மணத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, அடுத்த புட்டிக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வண்டலுக்காக இறுப்பதைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் செய்ய வேண்டும். மூடியிருப்பதாகத் தோன்றினால் கிளாஸிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் பொறுக்கத் தேவையில்லை. திருச்சியிலிருந்து வரும் நண்பர் திருமயம் தாண்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னால் புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், தக்கையைத் தொடாதீர்கள். அவர் முகப்பில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபின் திறங்கள்.